எதனோடு ஒப்பிட்டுக் குறைந்தது? 2020 ஊரடங்கில் செயற்கைக்கோள்கள் அளந்த காற்று

2020 மார்ச் மாதத் தொடக்கத்தில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா இரண்டு வரைபடங்களை அருகருகே வைத்து வெளியிட்டது. சீனத்தின் மேல் காற்றில் இருந்த நைட்ரஜன் டை ஆக்சைடின் அளவை இரண்டும் காட்டின. ஒன்று சனவரி 1 முதல் 20 வரையிலான சராசரி. மற்றது பிப்ரவரி 10 முதல் 25 வரையிலான சராசரி. பெய்ஜிங்கின் சுற்றுப்புறம் தொடங்கி யாங்சி ஆற்றுக் கழிமுகம் வரை முதல் படத்தில் அடர்ந்து கிடந்த மாசுத் திட்டுகள், இரண்டாவது படத்தில் ஈரத்துணியால் துடைத்துவிட்டாற்போல் பெரும்பாலும் மறைந்திருந்தன. சில நாட்களுக்குள் அந்தப் படங்கள் உலகெங்கும் செய்தித்தாள்களில் வந்துவிட்டன. மனிதன் வீட்டுக்குள் அடங்கினால் வானம் தெளியும் என்பதற்கு அவை நேரடிச் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டன.

அந்தப் படங்களில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சனவரி 25 சீனப் புத்தாண்டு. ஊரடங்கு இல்லாத ஆண்டிலும் அந்த வாரத்தில் சீனத்தின் ஆலைகள் மூடப்படும், சாலைகள் வெறிச்சோடும், காற்றில் இந்த வாயு குறையும். அப்படியானால் இரண்டு படங்களுக்கும் இடையே தெரிகிற வேறுபாட்டில் பண்டிகையின் பங்கு எவ்வளவு, வானிலையின் பங்கு எவ்வளவு, நோய்க்கு அஞ்சிப் பூட்டிய பூட்டின் பங்கு எவ்வளவு? அடுத்த இரண்டு ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளில் நல்லவை எல்லாம் இந்தக் கணக்கைத்தான் போட்டன. இந்த நிகழ்வு ஆய்வும் அதையே பின்தொடர்கிறது: வூகானில் தொடங்கி, தில்லிக்கும் கங்கைச் சமவெளிக்கும் வந்து, எந்த எண் எதனோடு ஒப்பிட்டுச் சொல்லப்பட்டது என்பதைப் பார்க்கிறது.

ஒளியிலிருந்து எண் வரை

செயற்கைக்கோள் நகரத்தின் காற்றைப் படம் பிடிக்கிறது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது உண்மையில் பிடிப்பது ஒளியை. சூரிய ஒளி காற்று மண்டலத்தைக் கடந்து தரையில் பட்டு, மீண்டும் அதே மண்டலத்தைக் கடந்து மேலே திரும்புகிறது. வழியில் இருக்கும் ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய அலைநீளங்களில் சிறிதளவு ஒளியை விழுங்கிக்கொள்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு நீல ஒளியை விழுங்கும். 405 முதல் 465 நானோமீட்டர் வரையிலான பகுதியில் அதன் சுவடு தெளிவாகப் பதிகிறது. திரும்பி வந்த ஒளியின் நிறமாலையை விரித்து வைத்து, எந்த இடத்தில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அந்த ஒளி கடந்து வந்த காற்றுத் தூணில் மொத்தம் எவ்வளவு வாயு இருந்தது என்று கணக்கிடுகிறார்கள்.

2020-இல் இந்த வேலையை மிக நுட்பமாகச் செய்தது டிரோபோமி என்ற கருவி. ஐரோப்பிய விண்வெளி முகமையும் நெதர்லாந்தும் சேர்ந்து உருவாக்கிய இக்கருவி, 2017 அக்டோபர் 13 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளில் இருக்கிறது. ஒரே கடப்பில் சுமார் 2,600 கிலோமீட்டர் அகலத்தை வருடிச் செல்லும் அது, நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய உலகம் முழுவதையும் பார்த்துவிடுகிறது. 2019 ஆகஸ்டு முதல் அதன் ஒரு கட்டத்தின் அளவு நேர்கீழே 5.5 கிலோமீட்டருக்கு 3.5 கிலோமீட்டர். அதற்கு முன் நெடுங்காலம் இதே வாயுவை அளந்துவந்த, 2004-இல் ஏவப்பட்ட ஆரா செயற்கைக்கோளின் ஓமி கருவிக்கு ஒரு கட்டம் 24 கிலோமீட்டருக்கு 13 கிலோமீட்டர். இந்த வேறுபாட்டின் பொருளைத் தில்லியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். 1,484 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தில்லி ஒன்றியப் பகுதி ஓமியின் கண்ணுக்கு ஐந்து கட்டங்கள்கூட இல்லை. டிரோபோமிக்கு அது எழுபதுக்கும் மேற்பட்ட கட்டங்கள். நகரின் ஒரு மூலையையும் மறு மூலையையும் பிரித்துப் பார்க்க அதனால் முடிந்தது.

ஆனால் அந்தக் கட்டங்கள் எல்லாமே எல்லா நாளும் பயன்படுவதில்லை. கோப்புகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்த செய்தி: ஒவ்வொரு கட்டத்தோடும் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஒரு தர எண் வருகிறது. 0.75-க்குக் கீழே இருப்பதைப் பொதுவாகத் தள்ளிவிட வேண்டும், ஏனென்றால் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் மேகம் இருந்திருக்கும், மேகத்துக்குக் கீழே இருந்த காற்றைக் கருவி கண்டிருக்காது. மேகம் மிகுந்த பகுதியில் பதினாறு நாள் சராசரி என்று அச்சிடப்பட்டிருப்பது, சில கட்டங்களில் நான்கைந்து நாட்களின் சராசரியாகவே இருக்கக்கூடும். மேகமற்ற நாட்களில் வெயில் கூடுதலாக இருப்பதால் இந்த வாயு விரைவாகச் சிதைகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், செயற்கைக்கோள் தரும் சராசரி தெளிந்த வானத்துச் சராசரி மட்டுமே என்பது விளங்கும்.

நேரமும் ஒரு கட்டுப்பாடு. சென்டினல்-5பி எந்த ஊரையும் அந்த ஊர் நேரப்படி பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில்தான் கடக்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு வாகனப் புகையோடு சேர்ந்து ஏறும் காலை நெரிசலும், தரையை ஒட்டிய காற்று அடங்கி மாசு தேங்கும் பின்மாலையும் அதன் கண்ணில் படுவதே இல்லை.

இந்த வாயுவையே எல்லாரும் பார்த்ததற்குக் காரணம் அதன் ஆயுள் குறைவு. கோடைப் பகலில் சில மணி நேரம், குளிர்காலத்தில் ஏறக்குறைய ஒரு நாள். அதற்குள் வேதிவினைகளில் கரைந்துவிடுகிறது. ஆகவே அது பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போவதில்லை. டீசல் வண்டிகள், அனல் மின் நிலையங்கள், உலைகள் எங்கே இருக்கின்றனவோ அங்கேயே திட்டாகத் தெரியும். கரியமில வாயு இதற்கு நேர்மாறானது. அது நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்குவதால், ஒரு மாதத்தில் நேர்ந்த குறைவு ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் பெருங்குவியலில் தனியாகத் தெரியாது. ஊரடங்கில் நைட்ரஜன் டை ஆக்சைடு வரைபடங்கள் மட்டும் கண்ணைப் பறித்ததற்கு, அந்த வாயுவே மனித நடமாட்டத்தை உடனுக்குடன் காட்டக்கூடியது என்பதே காரணம். அவற்றைப் பார்த்து ஒட்டுமொத்தக் காற்றும் அதே அளவுக்குத் தெளிந்துவிட்டது என்று முடிவுகட்டியது வாசகர்களின் அவசரம். செய்தி எழுதியவர்களின் அவசரமும்கூட.

வூகான்: பண்டிகையும் பூட்டும்

ஒரு கோடியே பத்து இலட்சம் பேர் வாழும் வூகான் நகரம் 2020 சனவரி 23 காலை பத்து மணிக்கு மூடப்பட்டது. புத்தாண்டுக்கு இரண்டே நாள் முன்னதாக. ஆய்வாளருக்கு இதைவிடச் சிக்கலான தேதி வாய்த்திருக்க முடியாது.

நாசாவின் காடர்டு மையத்தில் இருந்த ஃபெய் லியூவும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைப் பிரித்தெடுக்க எடுத்துக்கொண்ட வழி எளிமையானது. நாட்காட்டியின் தேதிகளை விட்டுவிட்டு, ஒவ்வோர் ஆண்டிலும் புத்தாண்டு நாளையே சுழிய நாளாக வைத்துக்கொண்டார்கள். சந்திர நாட்காட்டிப்படி வரும் அந்தப் பண்டிகை ஆண்டுதோறும் வேறு வேறு தேதியில் வருவதால், சென்ற ஆண்டின் பிப்ரவரியோடு இந்த ஆண்டின் பிப்ரவரியை ஒப்பிடுவதே பிழையாகிவிடும். நமக்குப் புரியும்படி சொன்னால், தீபாவளிக்கு மறுநாள் காற்றை இரண்டு ஆண்டுகளுக்கு இடையே ஒப்பிட விரும்புகிறவர் ஒரே தேதியை எடுத்துக்கொண்டு உட்கார முடியாது. அவர்கள் கண்டது இதுதான்: புத்தாண்டுக்கு முந்திய 20 நாள் சராசரியைவிடப் பிந்திய 20 நாள் சராசரி, 2020-இல், சீனத்தின் மேல் 48 விழுக்காடு குறைந்திருந்தது. 2015 முதல் 2019 வரையிலான ஆண்டுகளில் வழக்கமாக நேரும் பண்டிகைக் குறைவைவிட இது ஏறக்குறைய 21 விழுக்காடு கூடுதல்.

48-ஐயும் 21-ஐயும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதல் எண் தலைப்புச் செய்திக்கு ஏற்றது. இரண்டாவது எண்ணே கேள்விக்கு விடை. காற்றில் நேர்ந்த குறைவில் பெரும்பகுதி எந்த நோயும் இல்லாத ஆண்டிலும் நேர்ந்திருக்கும் என்பதை அது சொல்கிறது. அதே வேளையில், நோயின் தனிச் சுவடு சிறியது என்று ஒதுக்கவும் முடியாது. மற்ற ஆண்டுகளில் பண்டிகை முடிந்து தொழிலாளர்கள் ஊர் திரும்பியதும் வாயுவின் அளவு மீண்டும் ஏறும். 2020 பிப்ரவரியில் அந்த ஏற்றம் வரவில்லை. வரவேண்டிய நேரத்தில் வராத ஏற்றமே பூட்டின் உண்மையான அடையாளம் என்பது என் கருத்து. குறைவைக் காட்டும் ஒற்றைப் படத்தைவிட, ஐந்து ஆண்டுகளின் வளைகோடுகள் மேலேற இந்த ஆண்டின் கோடு மட்டும் கீழேயே கிடக்கும் வரைபடம் கூடுதலான நம்பிக்கை தருகிறது. ஆனால் அதைச் செய்தித்தாளில் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

பருவமும் இதில் நுழைகிறது. சனவரியிலிருந்து மார்ச்சுக்குப் போகப் போக வட அரைக்கோளத்தில் வெயில் ஏறுகிறது, வாயுவின் ஆயுள் குறைகிறது, தரையை ஒட்டிக் காற்று கலக்கும் உயரம் கூடுகிறது. எவரும் எதையும் நிறுத்தாவிட்டாலும் தூணில் தெரியும் அளவு இறங்கும். ஊரடங்குக்கு முன், பின் என்று அடுத்தடுத்த மாதங்களை ஒப்பிட்ட எல்லாப் படங்களிலும் இந்த இயல்பான இறக்கம் கலந்தே இருக்கிறது. சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால் பருவச் சிக்கல் தீரும், ஆனால் வானிலைச் சிக்கல் தீராது: சென்ற ஆண்டு அந்த மாதம் காற்று அடங்கியும் இந்த ஆண்டு பலமாகவும் வீசியிருந்தால் என்ன செய்வது? வட அமெரிக்காவின் 20 நகரங்களை எடுத்துக்கொண்ட டேனியல் கோல்ட்பெர்க் குழுவினர் சூரியக் கோணத்தையும் காற்றையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, ஊரடங்கால் நேர்ந்த குறைவு நகரத்துக்கு நகரம் 9 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடு வரை விரிந்திருந்தது. நடுமதிப்பு சுமார் 22. வானிலை மட்டுமே மாதச் சராசரியை 15 விழுக்காடு அளவுக்கு அசைக்கக்கூடும் என்றும் அவர்கள் கண்டார்கள். குறைந்தது 9 விழுக்காடே என்னும் நகரத்தில், 15 விழுக்காடு ஆட்டங்காணும் வானிலையைக் கழிக்காமல் சொல்லப்படும் எந்த எண்ணுக்கும் பொருளில்லை.

மாயத் தெளிவும் உண்மைப் புகைமூட்டமும்

வூகான் பூட்டிக் கிடந்த அதே பிப்ரவரியில், செயற்கைக்கோள் வரைபடங்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு துடைக்கப்பட்டிருந்த அதே நாட்களில், பெய்ஜிங்கையும் வடசீனச் சமவெளியையும் கடும் புகைமூட்டம் சூழ்ந்தது. வண்டிகள் ஓடாத நகரத்தில் பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்கள் ஏறின. இந்த முரண்பாட்டை விளக்கி அந்த ஆண்டே அறிவியல் இதழ்களில் கட்டுரைகள் வந்தன. காற்று அசையாமல் தேங்கியதும் ஈரப்பதம் கூடியிருந்ததும் ஒரு காரணம். மற்றது வேதியியல் சார்ந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வண்டிப் புகையிலிருந்து முதலில் வெளிவருவது பெரும்பாலும் நைட்ரிக் ஆக்சைடு. அது தரையை ஒட்டிய ஓசோனை உண்டு நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுகிறது. குளிர்காலச் சீன நகரங்களைப் போல நைட்ரஜன் ஆக்சைடுகள் மிகுந்து கிடக்கும் இடத்தில் அவற்றைக் குறைத்தால், ஓசோனை உண்ணும் வாய் குறைகிறது, ஓசோன் ஏறுகிறது. ஏறிய ஓசோன் காற்றின் ஆக்சிஜனேற்றத் திறனைக் கூட்டுகிறது. அந்தத் திறன், காற்றில் எஞ்சியிருந்த கரிம ஆவிகளையும் கந்தக டை ஆக்சைடையும் விரைவாகத் துகள்களாக மாற்றுகிறது. புகைபோக்கியிலிருந்து நேரடியாக வராமல் காற்றிலேயே சமைக்கப்படும் துகள்கள் இவை. ஆலைகளும் மின் நிலையங்களும் வீட்டு வெப்பமூட்டலும் முழுமையாக நிற்காத வடசீனத்தில் சமையலுக்கு வேண்டிய பொருட்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. வூகானில் அந்த ஊரடங்கின்போது தரைமட்ட ஓசோன் முந்தைய ஆண்டுகளின் அதே காலத்தைவிட 36 விழுக்காடு உயர்ந்ததாகத் தரை நிலையங்களின் தரவுகளை வைத்து எழுதப்பட்ட ஓர் ஆய்வு சொல்கிறது.

இந்த ஓசோன் ஏற்றத்தைச் செயற்கைக்கோள் காட்டவில்லை. காட்டியிருக்கவும் முடியாது. காற்றுத் தூணில் உள்ள ஓசோனில் பத்தில் ஒன்பது பங்கு மேலே ஓசோன் படலத்தில் இருக்கிறது. தரையில் நாம் மூச்சிழுக்கும் ஓசோன் அதற்குக் கீழே ஒரு மெல்லிய படிவு. குறைந்ததைக் காட்டும் கருவி வானத்தில் இருந்தது, கூடியதைக் காட்டும் கருவிகள் தரையில் இருந்தன. உலகம் வானத்துப் படத்தை மட்டும் பார்த்தது.

தில்லியும் கங்கைச் சமவெளியும்

இந்தியாவில் மார்ச் 22 அன்று ஒருநாள் மக்கள் ஊரடங்கு நடந்தது. மார்ச் 25 முதல் நாடு தழுவிய முடக்கம். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஐரோப்பிய விண்வெளி முகமை, தில்லி, மும்பை நகரங்களின் மேல் நைட்ரஜன் டை ஆக்சைடு முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 40 முதல் 50 விழுக்காடு குறைந்துவிட்டது என்று அறிவித்தது. சீனத்தைவிட இந்தக் கணக்கு ஒருவகையில் எளிது. தில்லியின் எல்லைக்குள் இயங்கிய பதர்ப்பூர் அனல் மின் நிலையம் 2018 அக்டோபரிலேயே மூடப்பட்டுவிட்டதால், நகரத்தின் நடுவே எஞ்சியிருந்த நைட்ரஜன் டை ஆக்சைடில் வண்டிகளின் பங்கே பெரிது. வண்டிகள் நின்றன, வாயு இறங்கியது.

அதே வரைபடத்தில் இறங்காத திட்டுகளும் இருந்தன. மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் சேரும் சிங்ரௌலிப் பகுதியில், 4,760 மெகாவாட் திறன்கொண்ட விந்தியாசல் நிலையம் உள்ளிட்ட அனல் மின் நிலையங்கள் ஒன்றையொட்டி ஒன்று நிற்கின்றன. ஆலைகள் மூடப்பட்டதால் மின்தேவை சரிந்தபோதும் வீடுகளுக்கு விளக்கும் மின்விசிறியும் வேண்டியிருந்தன. கொதிகலன்கள் எரிந்துகொண்டே இருந்தன. நகரங்கள் மங்கிப்போனதால், வழக்கமாக அவற்றின் நடுவே கலந்து தெரியும் நிலக்கரிப் பட்டை தனித்து எழுந்து நின்றது. ஊரடங்குப் படங்களில் எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுவது இந்தப் பகுதிதான். தில்லி தெளிந்தது யாரும் எதிர்பார்க்கக்கூடியது. சாலைகளை முற்றாக வெறுமையாக்கிய பிறகும் எது எஞ்சுகிறது என்பதை நாட்டு அளவில் ஒரே படத்தில் பார்க்க அதற்கு முன் வாய்ப்பே இருந்ததில்லை.

துகள்களின் கதை இன்னும் சுவையானது. நாசாவின் டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவி 2000-ஆம் ஆண்டிலிருந்து காற்றில் மிதக்கும் துகள்கள் ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்பதை அளந்துவருகிறது. இந்த ஒளிமறைப்பு எண் 0.1-க்குக் கீழே இருந்தால் வானம் பளிங்கு. 1-ஐத் தொட்டால் கடும் மங்கல். வட இந்தியாவின் மேல் ஏப்ரல் தொடக்கத்தில் இந்த எண், ஆண்டின் அந்தக் காலத்துக்கு, இருபது ஆண்டுகளில் காணாத அளவுக்கு இறங்கியது. அதே நாட்களில் பஞ்சாபின் ஜலந்தர் நகர மொட்டைமாடிகளிலிருந்து தௌலாதர் மலைத்தொடரின் பனிமுகடுகள் தெரிந்தன. 200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மலை என்று எல்லாச் செய்திகளிலும் வந்தது. ஜலந்தரிலிருந்து தர்மசாலாவுக்கு வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு அளந்தால் சுமார் 120 கிலோமீட்டர்தான் வருகிறது. பார்வைக்கு வளைந்து செல்லும் மலைச்சாலை தேவைப்படுவதில்லை. தெளிவு உண்மை, தூரத்தில்தான் சற்று உப்புக் கூடிவிட்டது.

துகள் குறைவுக்கும் ஓர் இடையூறு இருந்தது. மார்ச் 27 வாக்கில் வட இந்தியாவின் பரந்த பகுதிகளில் நல்ல மழை பெய்தது. மழை துகள்களைக் கழுவி இறக்கும். எனவே முடக்கம் தொடங்கிய முதல் சில நாட்களின் தெளிவை யார் கணக்கில் எழுதுவது என்ற குழப்பம் வந்தது. நாசாவின் அறிவிப்பில் இந்தத் துகள் கணக்கை விளக்கிய ஆய்வாளர் பவன் குப்தா அதற்கு வைத்த வாதம் நேர்த்தியானது: மழைக்குப் பின் வழக்கமாகச் சில நாட்களில் துகள்கள் மீண்டும் ஏறிவிடும், இம்முறை ஏறவில்லை. வூகானில் லியூ கண்ட அதே தர்க்கம் இங்கும் திரும்புகிறது. இறங்கியதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்; ஏற வேண்டியது ஏறாததற்குக் காரணங்கள் குறைவு.

தெற்கே இறங்கவில்லை

தமிழ் வாசகர்கள் கவனிக்காமல் விட்ட ஒரு வரி நாசாவின் அதே அறிவிப்பில் இருந்தது. தென்னிந்தியாவின் மேல் துகள் அளவு அதே போலக் குறையவில்லை. முந்தைய நான்கு ஆண்டுகளைவிடச் சற்றுக் கூடுதலாகவே தெரிந்தது. வானிலை, வயல்களிலும் காடுகளிலும் எரியும் தீ, காற்றின் திசை என்று பல சாத்தியங்கள் அங்கே சொல்லப்பட்டன. சென்னையின் அண்ணா சாலையில் ஒரு வண்டி இல்லாமல் நாய்கள் படுத்துக் கிடந்த அந்த நாட்களில், மேலிருந்து பார்த்த கருவிக்குத் தெற்கு தெளிந்ததாகத் தெரியவில்லை.

இதில் வியப்பதற்கு அதிகம் இல்லை. ஒளிமறைப்பு எண் துகளின் பிறப்பிடம் கேட்பதில்லை. கடலோரத்தில் உப்புத் துகள், மார்ச் ஏப்ரலில் மத்திய, கிழக்கு இந்தியக் காடுகளிலிருந்து வரும் தீப்புகை, வறண்ட நிலத்துப் புழுதி ஆகிய எல்லாமே ஒரே எண்ணில் சேர்கின்றன. ஈரப்பதம் கூடினால் அதே துகள் நீரை உறிஞ்சிப் பருத்துக் கூடுதலான ஒளியை மறைக்கும். துகளின் எடை கூடாமலே எண் கூடும். மேலே மூன்று கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோகும் புகை, கீழே இருப்பவரின் நுரையீரலுக்கு எட்டாவிட்டாலும் தூணின் கணக்கில் சேர்ந்துவிடும். மனிதர் எழுப்பும் துகள்களின் பங்கு பெரிதாக இருக்கும் கங்கைச் சமவெளியில் முடக்கம் தெரிந்தது. இயற்கைத் துகள்களின் பங்கு கணிசமாக இருக்கும் தெற்கில் அது மறைந்துபோனது.

நைட்ரஜன் டை ஆக்சைடிலும் இதே சிக்கல் மெல்லிய அளவில் உண்டு. மின்னலும் மண்ணும்கூட நைட்ரஜன் ஆக்சைடுகளைத் தருகின்றன. தில்லி போன்று மாசு அடர்ந்த நகரத்தில் அவற்றின் பங்கைப் புறக்கணிக்கலாம். சிறு நகரங்களின் மேல் தூணில் தெரிவதில் கணிசமான பங்கு இந்தப் பின்னணியே. அங்கே வண்டிகள் பாதியாகக் குறைந்தாலும் தூண் பாதியாகக் குறையாது. ஆகவே சிறிய ஊர்களில் ஊரடங்கு பயனளிக்கவில்லை என்று வரைபடத்தை மட்டும் வைத்து எழுதியவர்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசித்திருக்க வேண்டும்.

கருவிக்குள்ளேயே இருந்த சாய்வுகள்

ஒளியில் கண்ட குறைவைத் தூணின் மொத்த அளவாக மாற்ற, உயரத்துக்கு உயரம் வாயு எப்படிப் பரவியிருக்கும் என்று ஒரு கணினி மாதிரியிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த மாதிரிக்கு ஊரடங்கு நடந்தது தெரியாது. வழக்கம்போல் சாலைகள் நிரம்பியிருப்பதாக நம்பி, வாயுவின் பெரும்பங்கு தரையை ஒட்டியே இருக்கிறது என்று அது சொல்லும். தரையை ஒட்டிய வாயு கருவிக்கு மங்கலாகவே தெரியும் என்பதால், அதை ஈடுகட்ட எண்ணைச் சற்றே உயர்த்திச் சொல்கிறார்கள். விளைவாக உண்மையான குறைவைவிட அறிவிக்கப்பட்ட குறைவு கொஞ்சம் சிறியதாகிவிடுகிறது. பருவமும் வானிலையும் குறைவைப் பெரிதாக்கிக் காட்ட, மாதிரி அதைச் சிறிதாக்கிக் காட்டியது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று நம்பி உட்கார்ந்துவிட முடியாது.

இன்னொரு பொறி 2020 டிசம்பர் தொடக்கத்தில் வந்தது. டிரோபோமியின் கணக்கீட்டில் மேகத்தின் உயரத்தைக் கணிக்கும் முறை மாற்றப்பட்டது. மாசு மிகுந்த இடங்களில் காட்டப்படும் நைட்ரஜன் டை ஆக்சைடு அளவு அதனால் உயர்ந்தது. இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் 2019-20 குளிர்காலத்தையும் 2020-21 குளிர்காலத்தையும் ஒப்பிட்டவருக்கு, ஊரடங்குக்குப் பின் மாசு முன்னைவிடக் கூடிவிட்டது என்ற செய்தி இலவசமாகக் கிடைத்திருக்கும். பின்னர் பழைய தரவு முழுவதும் ஒரே முறையில் மறுகணக்கீடு செய்து வெளியிடப்பட்டது. 2020, 2021-இல் அவசரமாக எழுதப்பட்ட ஒப்பீடுகளைப் படிக்கிறவர்கள், எந்தப் பதிப்பின் தரவு என்ற வரியை முதலில் தேடுவது நல்லது.

வானிலையைக் கழித்த பிறகு எஞ்சியது என்ன? பெய்ஜிங், வூகான், மிலான், இலண்டன், பாரிஸ், தில்லி உள்ளிட்ட 11 நகரங்களின் தரை நிலையத் தரவுகளை எடுத்து, இயந்திரக் கற்றல் முறையில் வானிலையின் பங்கைப் பிரித்த ஓர் ஆய்வு 2021-இல் வந்தது. நைட்ரஜன் டை ஆக்சைடு எல்லா இடத்திலும் திடீரென்று குறைந்தது என்பதை அது உறுதிசெய்தது. ஆனால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே. ஓசோன் ஏறியது. நுண்துகள் பெரும்பாலான நகரங்களில் இறங்கியபோது இலண்டனிலும் பாரிஸிலும் ஏறியது. செயற்கைக்கோள் தரவைத் தரைமட்ட அளவாக மாற்றி 200-க்கும் மேற்பட்ட நகரங்களைப் பார்த்த மற்றோர் ஆய்வு 2022-இல் வெளிவந்தது: கடும் ஊரடங்கு போட்ட நாடுகளில், போடாத நாடுகளைவிட நைட்ரஜன் டை ஆக்சைடு 29 விழுக்காடு குறைவு. இங்கே ஒப்பீட்டுக்கு முந்தைய ஆண்டை மட்டும் நம்பாமல், ஊரடங்கு போடாத நாடுகளையும் வைத்துக்கொண்டதைக் கவனிக்க வேண்டும். 48, 21, 40, 22, 29 என்று வரிசையாக வந்த எண்களில் ஒன்றுகூடத் தவறில்லை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை.

இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே ஆனால் வாசலிலேயே நிற்கும் ஒரு செய்தியையும் குறிப்பிட வேண்டும். 2020-இல் காற்றில் மீத்தேன் வழக்கத்தைவிட வேகமாகக் கூடியது. மீத்தேனைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் என்ற மூலக்கூறு உருவாவதற்கு நைட்ரஜன் ஆக்சைடுகள் துணை நிற்கின்றன. அவை குறைந்ததால் ஹைட்ராக்சிலும் குறைந்து, மீத்தேன் கூடுதல் நாள் தங்கியது. அந்த ஆண்டின் கூடுதல் ஏற்றத்தில் ஏறக்குறையப் பாதிக்கு இதுவே காரணம் என்று 2022-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். மீதிக்கு ஈரநிலங்கள்.

ஒன்றரை மணிக்கு அப்பால்

இவ்வளவுக்கும் அடியில், பிற்பகல் ஒன்றரை மணி என்ற அந்தக் கட்டுப்பாடு அப்படியே இருந்தது. ஊரடங்கில் மாறியது நாளின் மொத்த மாசு மட்டும் அல்ல. நாளின் வடிவமே மாறியது. காலை நெரிசல் போயிற்று, பள்ளி விடும் நேரம் போயிற்று, இரவில் ஊருக்குள் நுழையும் சரக்கு வண்டிகள் மட்டும் ஓடின. நாளுக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் கருவியால் இதைச் சொல்ல முடியாது.

சொல்லக்கூடிய கருவி ஒன்று அப்போது உண்மையிலேயே வானத்தில் இருந்தது. தென்கொரியாவின் ஜெம்ஸ் என்ற கருவி, புவியோடு இணைந்து சுழலும் உயரத்திலிருந்து ஆசியாவின் காற்றைப் பகல் முழுவதும் மணிக்கொருமுறை பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. அப்படிப்பட்ட கருவிகளில் உலகிலேயே முதலாவது. அது ஏவப்பட்டது 2020 பிப்ரவரி 18 அன்று. வூகான் பூட்டி நான்காவது வாரம் நடந்துகொண்டிருந்தது. சுற்றுப்பாதையில் நிலைகொண்டு, சோதனைகள் முடிந்து, அது ஒழுங்காகப் பார்க்கத் தொடங்குவதற்குள் வூகான் திறந்துவிட்டது, இந்தியாவின் முதல் முடக்கமும் தளர்ந்துவிட்டது. அதன் பார்வை ஏறக்குறையக் கிழக்குத் தீர்க்கரேகை 75-இலிருந்து 145 வரை விரிகிறது. தில்லியும் சென்னையும் கொழும்பும் மேற்கு விளிம்பை ஒட்டி அதற்குள் அடங்குகின்றன. 73-க்கும் சற்றுக் குறைவான தீர்க்கரேகையில் கிடக்கும் மும்பைக்கு அந்த மணிக்கொருமுறைப் பார்வை எட்டவில்லை.